உப்பு பார்க்காத சமையல் வகுப்பு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. அங்கே சேவை செய்ய ஆட்களுக்குக் குறைவே கிடையாது. சேவையை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் கிடைப்பதில்லை. தெருவில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்ற ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஏதாவது செய்தே தீருவது என்று கிளம்பி வந்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் நடந்தால் நாங்களே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு, யாருக்கு அதிகம் என்று தெரிந்துகொண்டு, திருப்தியாக வீட்டுக்குப் போவோம். யோகா சொல்லிக்கொடுக்க உறையூரிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வருவார். அவருக்குப் பாய் விரிக்க நாலு பேர் நிற்போம். விரித்த பாயில் உட்காரச் சொன்னால், முழங்கால் சரியில்லை என்போம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவி. கருவூலத்தில் உட்கார்ந்து, ஒரு கையெழுத்து குறைந்தாலும் பில்லைத் திருப்பி அனுப்பியே காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்றதும் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, எந்தப் பாத்திரம் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அங்க போயி யாருக்காவது உதவி பண்ணுங்க," என்றாள். "எனக்கு அதுவே பெரிய உதவி."

கூடத்தின் செயலாளர் ஒரு முன்னாள் தலைமையாசிரியை. அந்த அம்மா பேசினால் நாங்கள் இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்கிறோம். தனியாக வசிக்கும் முதியவர்களுக்குக் கூடத்தில் மதியச் சாப்பாடு போடுவது என்று அவர் முடிவு செய்தார். பாலக்கரையில் பெரிய அடுப்பு ஒன்று வாங்கினோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் 'தனியாக வசிக்கும் முதியோருக்கு இலவச மதிய உணவு' என்று நான்தான் தட்டியில் எழுதினேன். அதைப் படம் எடுத்துத் தெருவே வாட்ஸ்அப்பில் அனுப்பியது. 'தேவைப்படுபவர்களுக்குச் சொல்லுங்கள்' என்ற வரியோடு அது எனக்கே பலமுறை திரும்பி வந்தது. எல்லோருக்கும் தேவைப்படுகிற ஒருவரைத் தெரிந்திருந்தது. தேவைப்படுகிறவர் மட்டும் யாரும் இல்லை. முதல் நாள் சமைத்ததை நாங்களே சாப்பிட்டோம். இரண்டாம் நாளும் நாங்களே. மூன்றாம் நாள் செயலாளர் அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். அன்று மோரை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

உண்மையில் தேவைப்படுகிற ஒருவர் எங்கள் எதிர்வீட்டிலேயே இருந்தார்.

அவர் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். தெருவுக்கே கணக்கு சார். அவருடைய மனைவி ஆடி மாதம் இறந்துபோனார். பிள்ளை வெளிநாட்டில். காரியங்கள் முடிந்து பிள்ளை திரும்பிப் போன பிறகு சார் தனியாக இருந்தார். மார்கழி வாக்கில் அவருடைய சட்டைகள் எல்லாம் வேறு யாருடையவோ மாதிரி ஆகிவிட்டன. காலர் ஒரு பக்கம் நிற்க, கழுத்து இன்னொரு பக்கம் நின்றது.

"எதிர் வீட்டுல குக்கர் சத்தமே கேக்கறதில்லைங்க," என்றாள் என் மனைவி. "மனுஷன் என்னதான் சாப்பிடறாரு?"

இதை எங்களால் நேரே கேட்டுவிட முடியாது. பல வருஷப் பழக்கம் இருந்தும் சார் எங்கள் வீட்டில் காபி குடிப்பாரே தவிர, ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. அவர்கள் ஆசாரம் அப்படி. இதில் எனக்குக் கோபம் உண்டு. என் மனைவிக்குக் கிடையாது. காபியை மட்டும் இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் போட்டுக் கொடுப்பாள்.

ஆகவே நான் கூடத்தின் தொண்டர் என்ற ஹோதாவில் போனேன். கூடத்துச் சாப்பாட்டுக்கு வரலாமே என்று அழைத்தேன்.

"அது தேவைப்படறவாளுக்கு," என்றார் சார். "நான் போய் உக்காந்தா இன்னொருத்தர் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்."

"அங்க யாருமே வர்றதில்லை சார். நாங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

"அப்படின்னா உங்க வயித்துல அடிக்கணும்," என்றார். சிரிக்கவில்லை. பிறகு, தான் பெருமாளுக்குக் காட்டாத எதையும் சாப்பிட்டுப் பழக்கமில்லை என்றார்.

அவர் சொன்ன பெருமாள் அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்த சாளக்கிராமம். கறுப்பாக, உருண்டையாக, உள்ளங்கையில் அடங்கும் கல். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் இருக்கிறது. தினமும் சமைத்து, அந்தச் சமையலுக்குத் தளிகை என்று பெயர், முதலில் அதற்குக் காட்டிவிட்டுத்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். வெளியில் வாங்கியதையோ வேறு வீட்டில் சமைத்ததையோ காட்டக் கூடாது. அவருடைய மனைவி இருந்த வரைக்கும் ஒரு நாளும் தளிகை நின்றதில்லை. சாருக்கு அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"இப்போ பெருமாளுக்குப் பாலும் கல்கண்டும்தான்," என்றார். "அவர் பால் சாப்பிடறார். நானும் பால் சாப்பிடறேன்."

அவரே தொடர்ந்தார்.

"பங்குனி உத்திரம் ஆனதும் மச்சினர் மாம்பலத்துலேர்ந்து வரார். பெருமாளை எடுத்துண்டு போகச் சொல்லிட்டேன். அவா ஆத்துல தினம் தளிகை உண்டு. இங்க பட்டினி போட நேக்கு மனசு வரலை."

"அப்புறம் நீங்க?"

"அப்புறம் என்ன, எங்க வேணா சாப்பிடலாம். கேக்க யார் இருக்கா?"

இதைச் சொல்லும்போது அவர் அலமாரியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லும் போய்விட்டால் இந்த மனிதர் காலையில் எழுந்து குளிப்பதற்குக்கூடக் காரணம் இருக்காது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"சமைக்கக் கத்துக்கிட்டார்னா பெருமாள் இங்கயே இருப்பாரு," என்றாள். அவளுக்கு அது அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

"கத்துக்க வாங்கன்னா வருவாரா?"

"மாட்டாரு. கத்துக் கொடுக்க வாங்கன்னா வருவாரு."

எங்கள் கூடத்தின் சூட்சுமத்தை, அங்கே காலே வைக்காத அவள் இரண்டே வரியில் சொல்லிவிட்டாள். செயலாளர் அம்மாவுக்கும் பிடித்துப்போயிற்று. 'ஆண்களுக்கான சமையல் வகுப்பு' என்று நான் இன்னொரு தட்டி எழுதினேன். சமையல் செய்து காட்டுவது என் மனைவி. அளவுகளைக் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கும் பொறுப்புக்கு ஒரு கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று போய்க் கேட்டோம். சார் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சாக்பீஸைத் தானே வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மாணவனாகச் சேர யாரும் முன்வரவில்லை. ஒரு முன்னாள் வங்கி மேனேஜர், கேஸ் பாதுகாப்பை மேற்பார்வையிட வந்திருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் மின்விசிறியைச் சரிபார்க்க வந்தவர், சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வகுப்பு என்று இருந்தால் ஒரு மாணவனாவது வேண்டும் என்று செயலாளர் அம்மா என்னைப் பார்த்தார். நான் மாணவனானேன். அந்த வயதில் என் மனைவியின் முன்னால் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு நின்றது என் சேவைகளிலேயே பெரியது. அவள் அதை அனுபவித்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"இதைத் திருப்பி நறுக்குங்க," என்று என் பில்களை என்னிடமே திருப்பி அனுப்பினாள்.

சார் முதலில் பலகையோடு நின்றார். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று எழுதினார். எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் அல்லவா? டம்ளரில் தானே அளந்து ஊற்றினார். பருப்பு எவ்வளவு நேரம் வேகிறது என்று அடுப்பின் பக்கத்தில் நின்று பார்த்தார். புளியைக் கரைத்தால் கனம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றதும் கையை விட்டுக் கரைத்தார். நாங்கள் போட்ட திட்டம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. கணக்கில் மாணவர்கள் அடிக்கிற காப்பிகளையெல்லாம் பார்த்தே கண்டுபிடித்தவர் அவர். ஆனாலும் அவரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. வெங்காயம் பூண்டு இல்லாத சமையலாகவே என் மனைவி வகுப்பில் சொல்லிக்கொடுத்தாள். அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

எல்லாம் உப்பு வரைக்கும் சரியாகப் போயிற்று. பலகையில் 'உப்பு' என்று எழுதிவிட்டு, எவ்வளவு என்று கேட்டார் சார்.

"தேவையான அளவு," என்றாள் என் மனைவி.

"தேவையான அளவுன்னா எவ்வளவு?"

"அதைப் போட்டுப் பாத்தாத்தான் சார் தெரியும்." கரண்டியிலிருந்து ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துக் காட்டினாள். "இப்புடி."

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "நாங்க அப்படிப் பாக்கப்படாது. பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி வாயில வெக்கப்படாது. வாசனைகூடப் பிடிக்கப்படாது."

என் மனைவி விழித்தாள். ருசி பார்க்காமல் சமைப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "அப்ப உங்க வீட்டம்மா எப்புடி சார் போட்டாங்க?"

"தெரியலையே," என்றார் சார். அன்று உப்புக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வகுப்பில் உப்புதான் பாடம். அரிசிக்கு இவ்வளவு, புளிக்கு இவ்வளவு என்று சார் விகிதம் போட்டுக்கொண்டு வருவார். கல் உப்புக்கு ஒரு கணக்கு, தூள் உப்புக்கு ஒரு கணக்கு. நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சரியாக இருக்கும். மறுநாள் அதே கணக்குக்குச் சாம்பார் வாயில் வைக்க வழங்காது. புளிக்குப் புளி மாறுகிறது என்றாள் என் மனைவி. நான் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டேன். இதற்கிடையில் பங்குனி பிறந்துவிட்டது. சார் மச்சினரிடம் வர வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. சரியாக வராத சமையலைப் பெருமாளுக்கு முன்னால் வைக்கலாமா என்பதே அவருடைய யோசனையாக இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பால்ல மட்டும் உப்பு சரியா இருந்துச்சா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

சார் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு ஆத்துல தளிகை பண்ணிருக்கேன். ரெண்டு பேரும் சாப்பிட வரணும்."

அந்த வீட்டுக்குள் நாங்கள் இலையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவரே பரிமாறினார். பரிமாறிவிட்டு, என் மனைவி சொன்னதன் பேரில் எங்களோடு உட்கார்ந்தார். சாதம் கொஞ்சம் குழைந்திருந்தது. அவர்கள் பாஷையில் ரசம் சாத்தமுது, பொரியல் கறியமுது. சாத்தமுதில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. பீன்ஸ் கறியமுதில் ஒரு முறையும் விழவில்லை. என் மனைவி இரண்டையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள். நானும் அப்படியே செய்தேன். நன்றாகவே இருந்தது.

சார் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் எடுத்தவர் கையை இலையிலேயே வைத்துவிட்டார்.

"மச்சினரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றார். "காத்தாலயே சொல்லிட்டேன். இதைச் சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லிருக்கணும்."

"நல்லாத்தான் இருக்கு சார்," என்றேன்.

"நீங்க பொய் சொல்றேள். பெருமாளுக்கு இதைத்தான் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை." இலையைப் பார்த்தபடியே சொன்னார். "நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. அவ வாயில வெச்சுப் பாக்காமயே தினம் சரியாப் போட்டா. நான் ஒரு நாள் நன்னாருக்குன்னு சொன்னதில்லை. பெருமாள் கல்லு, பேசலை. நேக்கு வாய் இல்லையா என்ன?"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வலது கை எச்சிலாக இருந்ததால் அதைத் துடைக்காமல் விட்டுவிட்டார்.

"இப்ப சொல்லுங்க சார்," என்றாள் என் மனைவி.

சார் அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த தன் மனைவியின் படத்தின் பக்கம் திரும்பினார். வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில் சொன்னார்.

"நன்னாருந்தது. எல்லாமே நன்னாருந்தது."

அப்புறம் சாப்பாட்டைத் தொடர்ந்தார். சாத்தமுதை இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.