அத்தைக்கு மட்டும் கிடைத்த பங்கு

ராமநாதபுரத்தில் மருத்துவர், என்னைப் பெற்ற அய்யாவிடம், இன்று என்ன கிழமை என்று கேட்டார். அய்யா ஜன்னலைப் பார்த்தார். வெளியே சுவரும் வண்டிகளும் இருந்தன.

"இங்கன கடலக் காணமே," என்றார்.

எங்கள் பாம்பனில் எஞ்சின் வைத்த விசைப்படகு கடலுக்குப் போக இன்ன கிழமைகள், நாட்டுப்படகுக்கு மற்ற கிழமைகள் என்று முறை. நாங்கள் கிழமை கேட்கும்போதெல்லாம் அய்யா வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, "விசைப்படகு நாளு" என்பார். சரியாக இருக்கும். அதை நினைவு என்றே எடுத்துக்கொண்டோம்.

அல்சைமர் (மூளை அணுக்கள் மெல்லச் சிதைந்து நினைவு அழியும் நோய்) என்றார்கள். மாத்திரை கொஞ்சம் தணிக்கும், நிறுத்தாது.

அய்யாவின் அக்கா, என் அத்தை, எண்பதைத் தாண்டியவர். யார் பிள்ளைக்கு எந்தக் காற்றடித்த மாதத்தில் காதுகுத்து என்பதுவரை சொல்வார். ஒரே தாய் தகப்பன். அவருக்கு ஏன் வரவில்லை? எனக்கு எது வந்திருக்கும்?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை நானே கேட்டேன். மருத்துவரும் மறைக்கவில்லை. அப்போ-ஈ என்றொரு மரபணு (பெற்றோர் வழி வரும் உடற்குறிப்பு). தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. அதில் ஒரு வகை நோய்க்கு வழிவிடும், ஒரு வகை காக்கும். உடன்பிறந்தவர்களுக்கு ஒரேபோல் வர வேண்டியதில்லை. அத்தையிடம் காக்கும் வகை இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். படிப்பும் காக்கும் என்றார். அத்தை பள்ளி வாசலை மிதித்ததில்லை.

வீட்டில் அத்தை மீனில் முள் எடுத்து அய்யாவுக்கு ஊட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"எங்கய்யா எனக்குச் சீருன்னு ஒரு சட்டி குடுக்கல. குடுத்தது இதுதானாக்கும்." பிறகு தம்பியைப் பார்த்தார். "ஏலே, ஒனக்கும் ஒரு பங்கு வச்சிருக்கலாம்ல அந்த மனுசன்."

அய்யா அவரையே பார்த்தார். "எங்கக்கா எப்ப வரும்?"

"வரும். நீ சாப்புடு."

ரத்தம் கொடுத்தால் என் பங்கைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எந்த முடிவும் உறுதி இல்லை, வராமல் தடுக்க மருந்தும் இல்லை. நான் சோதிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கும் கேள்வி வரும். பயந்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். அய்யாவுக்குச் சட்டை மாட்டுவதிலேயே என் காலை முடிந்துவிடுகிறது. இன்னொன்றைச் சுமக்கத் தெம்பில்லை.

ஆனாலும் விழித்ததும் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறேன். கரையில் எஞ்சின் சத்தம் எழும் முன் கிழமையைச் சொல்லிப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் காதைக் கடல் பக்கம் விடுகிறேன். இதுவரை தவறவில்லை. முன்பெல்லாம் நாள் தானாக விடியும். இப்போது ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டே எழுகிறேன்.