எழுநூற்று ஒன்பதாவது மணி

2004இல் பணி ஓய்வு பெற்றபோது எனக்கு மிச்சமிருந்தது பயம் ஒன்றுதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை நூற்றுப்பத்து அடி நடப்பேன். பூட்டை இழுத்துப் பார்க்க மறுபடி திரும்பி வருவேன். மனதுக்குப் பலம் வேண்டுமென்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். காலை ஏழு மணிக்குத் திருநீறு பூசி, கூடத்தில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, ஐந்தெழுத்தை ஆயிரத்தெட்டு முறை மனதுக்குள் சொல்ல வேண்டும். முடியும்வரை பேசக் கூடாது, எழக் கூடாது. தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. நூற்றெட்டு மணி கோத்த ருத்திராட்ச மாலையில் ஒரு சுற்று முடிந்தால் ஒரு புளியங்கொட்டையைத் தள்ளி வைப்பேன். ஒன்பது கொட்டை, அதன்மேல் முப்பத்தாறு மணி. ஐம்பது நிமிடம் ஆகும்.

மூன்றாம் வருடம் பூட்டை ஒரே முறை பார்த்தால் போதும் என்றாயிற்று. ஏழு வருடத்தில் விதி உடைந்தது மூன்று முறை. மூன்றும் கேஸ் சிலிண்டர் வந்த நாட்கள்.

“சிலிண்டர்காரன் கூப்ட்டா மட்டும் வாய் தொறக்குது. நான் கூப்ட்டா சாமி கோச்சிக்குமா?” என்பாள் மனைவி.

2011 மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. ‘பா, பா’ என்ற ஓர் ஒலிதான் மிஞ்சியது. கடலூரில் பார்த்த டாக்டர் சொன்னார்: “பக்கத்துல உக்காந்து பேசிக்கினே இருங்க. அவுங்க வாயிலேருந்து எதனா வந்தா உடனே பதில் சொல்லுங்க. அதான் மருந்து.”

அடுத்த பிரதோஷத்துக்குச் சிதம்பரம் போனேன். கொடிமரத்தடியில் விழுந்து, அவள் பேச்சு திரும்பும்வரை காலையும் மாலையும் இரண்டு ஆயிரத்தெட்டு என்று வேண்டிக்கொண்டேன். இனி யார் வந்தாலும் வாய் திறப்பதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் அண்ணாகிராமத்திலிருந்து அவள் தம்பி பஸ்ஸில் வருவான். “நல்லா இருக்குது மாமா. அக்கா பேசணும்னு நீங்க வாய மூடிக்கினு உக்காந்திருக்கீங்க” என்றான். எனக்குக் கோபம் வந்தது. அன்று சாப்பிடும்போது அவனுடன் பேசவில்லை.

பதினோரு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆறு கொட்டைகளைத் தள்ளியாகிவிட்டது. ஏழாம் சுற்றில் அறுபத்தொன்றாவது மணி, அதாவது எழுநூற்று ஒன்பது, விரலில் இருந்தது. உள்ளறைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க.”

தெளிவாகக் கேட்டது. நாற்பது வருடமாக என்னைக் கூப்பிட்ட அதே சொல், அதே இழுப்பு. மறுபடியும் ஒரு முறை, “ஏங்க.”

நான் இடது கையை உயர்த்தினேன். பொறு என்று அர்த்தம். திறந்த கதவு வழியாக அவளுக்கு என் முதுகும் அந்தக் கையும் தெரிந்திருக்கும். பிறகு மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் முடித்தேன். அதற்குப் பதினைந்து நிமிடம். நடுவில் ஒரு மணிகூடத் தவறவில்லை. எனக்கு அவ்வளவு பலம் வந்திருந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது, அதை அரைகுறையாக விடக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

எழுந்து ஓடினேன். “சொல்லும்மா, வந்துட்டேன். இன்னா வேணும்?” என்றேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புடவையும் விரிப்பும் நனைந்து, ஈரம் ஆறிப் போயிருந்தது. துடைத்தேன், மாற்றினேன். மாற்றும்போதெல்லாம் பேசினேன், கெஞ்சினேன். ‘பா’கூட வரவில்லை.

பதினோரு மணிக்குத் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே கேட்டான், “எதனா பேசுச்சா மாமா?”

“இல்லப்பா” என்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அதன்பின் இருபத்து மூன்று நாள் இருந்தாள். அந்த இருபத்து மூன்று நாளும் நான் மாலையைத் தொடவில்லை, கட்டிலருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன். அவள் வாய் திறக்கவில்லை. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. பூட்டை மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். நேற்று ஒன்பது முறை.