அண்ணன் போடாத கையெழுத்து

எங்கள் அண்ணன் போய் இன்றோடு ஒரு வருஷம் நிறைகிறது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. எதையும் வெட்டமாட்டேன் என்று, இந்த நினைவு மலரைப் போடும் அண்ணன் மகள் சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா பாரூரில் ஒரு பண்ணையில் முன்பணம் வாங்கிவிட்டு ஆளாகக் கிடந்தவர். அப்பாவைப் பெற்றவள் செத்தபோதுகூட, கரும்பு வெட்டு முடியட்டும் என்று பண்ணைக்காரர் அவரை விடவில்லை. கொள்ளி வைக்க அண்ணன்தான் போனார். அப்போது அவருக்கு மீசை முளைக்கவில்லை. பிறகு ஓசூரில் கம்பெனி வேலை பார்த்தார். ஓய்வு பெற்று வந்ததும் ஊராட்சித் தலைவர் ஆனார்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் அப்போது அதே ஊராட்சியில் கல்குவாரி எடுத்து நடத்தினார். அங்கே ஆறு குடும்பங்களை முன்பணத்துக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். பிரசவத்துக்குக்கூட ஒரு பெண்ணை வெளியே விடவில்லை. அது தெரிந்ததும் அண்ணன் சப்-கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு முன்னால், 'இவர்கள் விருப்பப்பட்டுத்தான் இருக்கிறார்கள்' என்ற காகிதத்தில் தலைவர் கையெழுத்து வாங்க என்னை அனுப்பினார்கள். தங்கச்சி கேட்டால் தட்டமாட்டார் என்று.

அண்ணன் நிதானமாகப் படித்தார்.

"யாரு எழுதுனது?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன்தான் எழுதிக் குடுத்தாருண்ணா."

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. விருப்பப்பட்டு இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா ரெண்டு ஆளு காவல்?"

"நான் அந்த வீட்ல வாழணும்ண்ணா."

காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "அந்தப் பொண்ணும் எங்கயாச்சும் வாழணுமில்ல? சாப்புட்டுட்டுப் போ," என்றார்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

விசாரணை முடிந்து ஆறு குடும்பமும் சப்-கலெக்டரிடம் விடுதலைச் சான்று வாங்கிக்கொண்டு கர்நாடகா பக்கம் போனது. அதற்குப் பிறகு உறவில் யாரும் அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. பொங்கலுக்கு எனக்குச் சீர் கொண்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "தலைவரே, எங்க வீட்லயும் அடிமை யாராச்சும் இருக்காங்களான்னு எண்ண வந்தீங்களா?" என்று குவாரிக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளேயே இருந்துவிட்டேன்.

அடுத்த தேர்தலில் அண்ணன் தோற்றார். நானும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் அவருக்கு டயாலிசிஸ் செய்த நாட்களில், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் வாய் வரவில்லை. "உன் முழங்கால் வலி எப்படி இருக்குது?" என்றுதான் அவர் கேட்பார்.

கடைசிவரை அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கு நன்றி. கூப்பிட்ட நேரத்துக்கு வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. செய்தி கேட்டு மகளைக் கூட்டிக்கொண்டு, கர்நாடகாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்த அந்தக் குவாரிப் பெண்ணுக்கு நன்றி. அவளைப் பந்தியில் உட்காரச் சொல்ல எங்கள் உறவில் யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த மலரை வாங்கிக்கொண்டு நீங்கள் குவாரி வழியாகத்தான் பஸ் ஏறப் போகவேண்டும். இப்போது அங்கே வடக்கிலிருந்து கூட்டி வந்தவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். கொட்டகைக்கு வெளிப்பக்கம்தான் பூட்டு. நம் எல்லோருக்கும் அது தெரியும்.