எதிர்வரிசையில் நின்றவர்கள்

ரயில் பதுளையில் நிற்பதற்குள் மதினி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். என் அண்ணனின் மனைவி அவர். அப்புத்தளையில் பாலர் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு வந்து, எஞ்சினையும் பிளாட்பாரக் கூட்டத்தையும் எடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்கு நடப்பார். தெருமுனையில் மரப் பலகணி வைத்த பழைய மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. மேலே தையல்காரர்கள், கீழே ஒரு முஸ்லிம் முதலாளியின் செருப்புக் கடை. எத்தனை முறை எடுத்தாலும் மதினிக்கு அது சலிக்காது.

போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் வீட்டில் அந்தக் கட்டடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவர், என்னிடம் நீட்டினார். மேல் சன்னலோரம் தலைமயிர்போல் இருந்த வெடிப்பு கடை வாசல்வரை இறங்கியிருந்தது. சன்னலே சாய்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு முதலாளியிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது ஈரம் புள்ள. பூசினா சரியாப் போயிரும்" என்றார். எங்களுக்குப் பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். சொன்னபடி பூசவும் செய்தார். மறுவாரம் அந்தப் பூச்சும் பிளந்திருந்தது.

அன்று காலை மழை இல்லை. கடையில் நல்ல கூட்டம். பலகணிக்குக் கீழே நின்ற என் தோளில் பொடிமண் உதிர்ந்தது. மேலே மரம் முனகியது. மதினி உள்ளே ஓடி, "எல்லாரும் வெளிய வாங்க, கட்டடம் எறங்குது!" என்று கத்தினார். யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மா செருப்பைக் காலில் மாட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். மதினி முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "சரிங்க, கடையோட ஒரு குரூப் போட்டோ எடுக்கணும். எதிர்ப்பக்கம் வந்து நில்லுங்க" என்றார்.

உண்மைக்கு அசையாதவர்கள் அதற்கு வந்தார்கள். தையல்காரர்களும் தலைசீவிக்கொண்டு இறங்கி வந்தார்கள். எதிர் நடைபாதையில் வரிசையாக நின்று, நடுவில் முதலாளிக்கு இடம் விட்டார்கள். யாரும் கலைந்துவிடாமல் இருக்க மதினி படம் எடுத்துக்கொண்டேயிருந்தார். கடைசியாக வந்த முதலாளி பாதித் தெருவில் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் இரிங்க புள்ள, தொப்பியப் போட்டுட்டு வாரேன்."

"வேணாம் முதலாளி!" என்று மதினி அலறினார். அவர் கையை உயர்த்திச் சிரித்துவிட்டு உள்ளே போனார். பின்னால் ஓடப்போன மதினியை இடுப்போடு கட்டிப் பிடித்தேன். பலகணிதான் முதலில் விழுந்தது.

கேமரா அன்றே அலமாரிக்குள் போனது. "நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்..." என்று மதினி தொடங்குவார், முடிக்கமாட்டார். கூப்பிடாமல் இருந்திருந்தால் அத்தனை பேரும் உள்ளே இருந்திருப்பார்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

போன வாரம் முதலாளியின் மகள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். "வாப்பா கடைசியா போட்டோவுக்கு வந்தாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்தப் படத்தைப் பார்க்கணும்."

மதினி எடுத்துக் கொடுத்த படத்தில் சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "வாப்பா எங்க?" என்று கேட்டார். மதினி, இரண்டு பேருக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். அந்தப் பெண் தணிந்த குரலில், "நாங்க இருக்கிற வீட்டுச் சொவத்துலயும் ஒரு வெடிப்பு விழுந்திருக்கு. உம்மா அது ஈரம்னு சொல்றாங்க" என்றார்.

மதினி எழுந்து அலமாரியைத் திறந்தார்.

"எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டார்.