பத்தொன்பதாம் நம்பர் லேத் திரும்பும் தேதி

கிரீஸ் அக்காவை முதலில் அரைக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். எங்கள் கிடங்கில் நாற்பது லேத் மெஷின்கள் எண்ணெய்க் காகிதம் சுற்றி நிற்கும். போர் வந்தால் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவதற்காக அரசு எடுத்து வைத்தவை. எது எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். திங்கள்தோறும் அக்கா காகிதத்தை விலக்கி, ஒவ்வொன்றையும் கையால் அரைச் சுற்று சுற்றிவிடுவாள். அசையாமல் நின்றால் பேரிங் இறுகிவிடுமாம். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. கூரைக் கண்ணாடி வழியே விழும் பால் வெளிச்சத்தில், தூங்கும் பிள்ளைகளைப் புரட்டிப் படுக்க வைப்பவள் போலிருப்பாள். கேட் பாஸ் எழுதும் எனக்குப் பார்த்துக்கொண்டே கண் சொக்கும்.

"இதுங்க இங்கயே தூங்கட்டும். இதுங்க எழுந்தா என் தம்பியும் போகணும்," என்பாள்.

தாய் தகப்பன் போன பிறகு அவளே வளர்த்த ஒரே தம்பி. லாரி டிரைவர். அவன் பெயரும் லாரி நம்பரும், போர் வந்தால் ராணுவம் அழைத்துக்கொள்ளும் ரிசர்வ் பட்டியலில் இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, போர் தொடங்கிவிட்டது, லேத்களை அனுப்புங்கள் என்று போன் வந்தது. பத்து மணிக்கு வந்த முதல் லாரியை ஓட்டி வந்தவனே தம்பிதான். ராணுவப் பச்சைச் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"சட்டை பெருசா இருக்குடா."

"வளந்துடுறேன், விடு."

கிரேன் பத்தொன்பதாம் நம்பரைத் தூக்கி லாரியில் வைத்தது. அது போக வேண்டியது எல்லையோரப் பட்டறைக்கு. அக்கா ஏறி, கடைசியாக அரைச் சுற்று சுற்றினாள். வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு சுழன்றது.

ஒப்படைப்புச் சீட்டின் கடைசிக் கட்டம், திரும்ப வரும் தேதி. போருக்குப் போகும் பொருளுக்கு அதில் கோடு போட வேண்டும் என்பது விதி. அக்கா, அடுத்த மாதம் பதினான்கு என்று எழுதினாள்.

"கோடுதான் போடணும்க்கா. என் வேலைக்கு வேட்டு வெச்சுடாதீங்க," என்றேன்.

"கோடு போட்டா யாரும் திருப்பித் தர மாட்டாங்க. நீ கையெழுத்து போடுடா," என்று சீட்டைத் தம்பியிடம் நீட்டினாள்.

தம்பி சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கினான். பொருள் என்ற கட்டத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா எழுதியிருந்தாள்: லேத் ஒன்று, லாரி ஒன்று, டிரைவர் ஒருவர். அவன் கையெழுத்திட்டான். விதியாவது மண்ணாவது என்று முத்திரையைக் குத்தினேன்.

பதினான்காம் தேதி லாரி வரவில்லை. மறுநாள் அக்கா என் மேஜைக்கு வந்தாள்.

"தேதி தாண்டிருச்சு. ராணுவத்துக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் டைப் பண்ணு."

பதில் வரவில்லை. அடுத்த வாரமும் கேட்டாள், டைப் செய்தேன். நேற்று மூன்றாவது கடிதம் போயிற்று. இந்த முறை அவள் கேட்கவில்லை. நானே டைப் செய்து, கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.