இடுகாட்டுப் பலா

மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர் இடுகாடு இன்றும் இடுகாடாகவே இருக்கிறதென்றால் அதற்கு நான்தான் காரணம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. அப்போது எனக்கு ஏழு வயது.

புதைத்த இடத்தில் கல் நடும் வழக்கம் எங்களிடம் இல்லை. மண்ணைக் குவித்துவிட்டு வருவோம். இரண்டு மழையில் அது தரையோடு தரையாகிவிடும். அங்கே நிற்கும் பலா மரங்களின் பழம் செத்தவர்களுக்குச் சொந்தம். உயிரோடு இருக்கிறவர்கள் ஒரு சுளைகூடத் தொடக்கூடாது. இப்படி மரியாதை கொடுத்துக் கொடுத்தே அந்த இடம் ஆளில்லாத தோப்புமாதிரி ஆகிவிட்டது.

சேந்தமங்கலத்திலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரிக்கும் அப்படித்தான் தெரிந்தது. மலை பார்க்க வருகிறவர்களின் வண்டியை நிறுத்த இதைவிட நல்ல இடம் இல்லை என்றார். இடுகாடு என்றால் ஒரு கல்லாவது காட்டச் சொன்னார். கல்லுக்கு எங்கே போவது? கூடி நின்ற ஊர் வெறும் தரையைத்தான் காட்டியது. மறுநாளே பொக்லைன் வந்துவிடும் போலிருந்தது.

அதற்குள் டிரைவர் ஒரு பழத்தைப் பிளந்து தின்னவே ஆரம்பித்துவிட்டார். அதிகாரி நல்ல மனுஷர். முன்னால் நின்ற எனக்கு ஒரு சுளையை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“ஏன் கண்ணு, பலாப்பழம் புடிக்காதா?”

“புடிக்குமுங்க. ஆனா இது எங்க பெரியப்பாவோடதுங்க.”

“அவரக் கூப்புடு, நான் கேட்டுக்கறேன்.”

“அவரு உங்க காலுக்குக் கீழதானுங்க இருக்காரு.”

டிரைவர் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். அதிகாரி மெல்ல நகர்ந்து சுற்றிலும் பார்த்தார். ஒரு பழத்துக்காகக் குரங்கோடு மல்லுக்கட்டும் மலையில், மரத்தடியெல்லாம் பலா விழுந்து அழுகிக் கிடந்தது.

“கல்லு வேண்டாமுங்க, இதுவே போதும்,” என்றார் அப்பாவிடம். இடுகாடு என்றே எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். மாலை வந்தது, மேளமும் வந்தது. திருவிழாச் சாமிக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை என்று இன்றும் சாதிப்பேன்.

அம்மா மட்டும் ஊர்வலத்தில் வரவில்லை. இடுகாட்டு ஓரத்தில் ஒரு இளம் பலாவின் அடியில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, என் மாலையப் பாரும்மா,” என்று கத்தினேன்.

“நீ போ கண்ணு, வாரேன்.”

பெற்ற மகள் ஜெயித்து வருகிறாள், இவளுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்குக் கோபமான கோபம். எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகன் பிறந்து, பேர் வைக்கும் முன்பே போய்விட்டான் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்று எங்கள் ஊரிலேயே பெரிதாக ஜெயித்தவள் அவள்தான்.