காப்புக் கட்டிய குதிரை

பக்கிரிசாமிக்குக் குதிரை என்றாலே ஆகாது. ஆகாத ஒன்றோடு ஆயுசில் பாதியை ஓட்டுவது நம் ஆட்களுக்குப் புதிதல்ல என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் குதிரைப் பந்தயத் திடலில் அவர் சைஸ் வேலை பார்த்தார். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, லத்தி அள்ளி, பந்தயத்தில் அது ஜெயித்துவிட்டால் படம் எடுக்கும்போது ஓரமாக நிற்க வேண்டும். அதுதான் சைஸ் வேலை. லாடக்காரர் வரும் நாளில் காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதும் அவர்தான். பிடித்த கால்களில் பாதி அவரை உதைத்திருக்கின்றன.

எண்பதுகளின் கடைசியில் திடலை ஊருக்கு வெளியே கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும், "இனிமே செத்தாலும் குதிரை மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டு, மனைவி நல்லம்மாளின் சொந்தக்காரர்கள் இருக்கிற, கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானுக்கு வந்து சேர்ந்தார். வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை இரண்டுதான். சாயங்காலமானால் கள்ளு, சனிக்கிழமையானால் ஆட்டுத்தலைக் கறி. இந்த இரண்டும் கிடைத்தால் போதும், சொர்க்கத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்.

அவருடைய சபதம் முனீஸ்வரர் காதில் விழுந்திருக்க வேண்டும். பண்டமாரான் முனீஸ்வரர் கோயில் தலைவர் கார்த்திகேசு, துறைமுகத்தில் லோரி காண்டிராக்ட் எடுப்பவர். பெரிய காண்டிராக்ட் ஒன்று கிடைத்தால் சாமிக்குக் குதிரை வாங்கி விடுவதாக வேண்டிக்கொண்டார். கிடைத்துவிட்டது. சிமெண்டில் ஒரு குதிரை செய்து, வெள்ளையடித்து, பெரிய கண் எழுதி வைப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கார்த்திகேசு எதையும் சின்னதாகச் செய்து பழக்கப்பட்டவர் இல்லை. ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரை ஒன்றை உயிரோடு வாங்கி லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மேளம் அடித்து, மாலை போட்டு, வீரன் என்று பேரும் வைத்தாயிற்று. அதன்பிறகுதான் இதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. ஊரிலேயே குதிரையைத் தொட்டுப் பழகிய ஆள் ஒருவர்தான். அவர் சார்பில் நல்லம்மாள் ஒப்புக்கொண்டாள்.

"சாமி குதிரைங்க. புண்ணியம்."

"கழுதை," என்றார் பக்கிரிசாமி. அன்றிலிருந்து அவர் வாயில் வீரனுக்கு அதுதான் பேர்.

கழுதைக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த பவுனம்மாள் 'குதிரைத் தட்டு' என்று ஒன்றை விற்கத் தொடங்கினாள். தட்டில் வெல்லம், வாழைப்பழம், ஊறவைத்த கடலை எல்லாம் இருக்கும். செவ்வாய், வெள்ளியில் சர்க்கரைப் பொங்கலும் சேர்ந்துகொள்ளும். பந்தயக் காலத்தில் அளந்து அளந்து தின்ற மிருகம் ஒரே வருஷத்தில் கல்யாண வீட்டுச் சமையல்காரர் போல ஊதிப்போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் அந்த அதிசயம் நடந்தது. சன்னிதிக்கு எதிரே கட்டியிருந்த குதிரை, முன்னங்கால் இரண்டையும் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நின்றது. மணி அடித்து முடித்தும் நிமிரவில்லை.

"சாமி கும்பிடுது! வீரன் சாமி கும்பிடுது!" என்று பவுனம்மாள் கத்தினாள். அங்கேயே இரண்டு பேருக்கு அருள் வந்துவிட்டது.

மறுவாரம் சுங்கை பூலோவிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கும்பிடுகிற குதிரையைக் கும்பிட்டார்கள். கும்பிட்டவர்கள் எல்லாரும் அதன் வாயில் வெல்லத்தை வைத்தார்கள். உண்டியலைக் கார்த்திகேசு பெரிதாக மாற்றினார்.

பக்கிரிசாமி மட்டும் கும்பிடவில்லை. முன்குளம்பில் கை வைத்துப் பார்த்தார். இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது. கணுக்காலுக்குப் பின்னால் நாடி திடும்திடும் என்று அடித்தது. ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னால் குதிரைக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

"தலைவரே, இது கும்பிடல. முன்காலை ஊன்ற முடியாம வலியில நிக்குது."

"ஏன் அண்ணே எப்பவும் அபசகுனமாவே பேசுறீங்க? ஊரே பார்க்குது, உங்க கண்ணுக்கு மட்டும் வலியா தெரியுதா?"

கார்த்திகேசு கெட்டவர் இல்லை. கூட்டம் வருகிற நேரத்தில் வியாதி வருவதை நம்ப அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் குதிரை படுத்த இடத்தைவிட்டு எழாமல் கிடந்தபோது அவரே பதறிப்போய்க் கிள்ளானிலிருந்து மாட்டு டாக்டர் வாசுவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாசு குளம்பைத் தட்டிப் பார்த்தார், பவுனம்மாளின் தட்டையும் பார்த்தார். "அண்ணே, குளம்புக்கும் உள்ள இருக்கிற எலும்புக்கும் நடுவுல சதை மடிப்பு மடிப்பா இருந்து ரெண்டையும் இழுத்துப் பிடிச்சிருக்கும். இனிப்பும் தானியமும் அதிகமானா அது வீங்கி, பிடி விட்டுப் போயிரும். எலும்பு கீழ இறங்கும். அடிப்பாதத்தைக் குத்திக்கிட்டு வெளியே வந்துச்சுன்னா அப்புறம் ஒரே ஊசிதான், தூங்க வைக்கிற ஊசி."

"குளம்பைச் சரியா சீவினா போதும். நான் பார்க்காத குளம்பா?" என்றார் பக்கிரிசாமி.

"சீவத்தான் வேணும். ஆனா முதல்ல அதோட வாயைக் கட்டுங்க. காய்ஞ்ச புல்லைத் தண்ணியில ஊற வச்சா அதுல இருக்கிற இனிப்பு இறங்கிரும், அது மட்டும்தான் தீனி. இனி ஒரு உருண்டை வெல்லம் போனாலும் நான் பொறுப்பில்ல."

குளம்பு விஷயத்தில் பக்கிரிசாமி விட்டது சவடால். அவர் காலைப் பிடித்தவரே தவிர கத்தியைப் பிடித்தவர் இல்லை. வாசு பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் செய்தார். நீண்டு வளர்ந்த முன்நுனியை அரத்தால் ராவிப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். உயர்ந்துபோன குதிகாலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மெலிந்துபோன அடிப்பாதத்தில் கத்தியே படக்கூடாது. ஒரே நாளில் அழகு பார்க்கக்கூடாது, சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்தால் போதும். மேலே தோல் முடிந்து குளம்பு தொடங்கும் மயிர்க்கரையிலிருந்து புதுக்குளம்பு இறங்கி வரும், அது தரையைத் தொட ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பாசார்ச் சந்தையில் மீன் வருகிற வெள்ளை நுரைப்பெட்டியை வெட்டி மெத்தையாகக் காலில் கட்டினார்கள். தெலுக் பங்லிமா காராங் பக்கத்து மரத் தொழிற்சாலையிலிருந்து மரத்தூள் வந்து இறங்கியது.

ஒரு காலைத் தூக்கினால் மற்றக் காலில் பாரம் இறங்கி வலிக்கும். அதனால் குதிரை தன் பாரத்தைக் குனிந்திருக்கிற பக்கிரிசாமியின் முதுகில் சாய்த்துக்கொண்டது. "நிமிருடா கழுதை, இடுப்பு ஒடியுது" என்று திட்டினார். ஆனால் முதுகை எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தக் குதிரையும் அவர்மேல் சாய்ந்ததில்லை. அதுகள் எல்லாம் உதைத்த குதிரைகள்.

கால் பரவாயில்லை, வாய்தான் வழிக்கு வரவில்லை. 'குதிரைக்கு உணவு கொடுக்காதீர்' என்று பலகை எழுதி மாட்டினார். அதை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு எழுதியது என்று எடுத்துக்கொண்டார்கள். கத்தினார். "குதிரைக்காரர்தான் கொஞ்சம் முன்கோபி, குதிரை நல்ல குதிரை" என்றார்கள். ஒருநாள் பார்த்தால் நல்லம்மாளே முந்தானைக்குள் பொங்கலை மறைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"ஏ நல்லம்மா! நீயுமா?"

"நீங்க திட்டிக்கிட்டே இருக்கீங்க. பாவம், வாயில்லாத சீவன். ஒரு வாய்தாங்க." அந்த ஒரு வாயில் மறுநாள் குளம்பு மறுபடியும் சுட்டது.

அன்றைக்கு சாயங்காலம் கள்ளுக்கடையில் மனசே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரோடு தினமும் குடிக்கிற ஒருவன் வாசலோடு போனான். "வாப்பா" என்றதற்குக் கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காவடிக்குக் காப்புக் கட்டியிருக்கிறான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. குடிகாரனைக் குடிக்கக் கூப்பிடாமல் இருக்கிற கடையை அப்போதுதான் பக்கிரிசாமி கவனித்துப் பார்த்தார். கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் விடிந்தபோது குதிரையின் கழுத்தில் மஞ்சள் துணி. அதில் ஒரு மஞ்சள் கிழங்கு முடிந்திருந்தது.

"கனவுல சாமி வந்து சொல்லிச்சு," என்றார் பக்கிரிசாமி, கண் சிமிட்டாமல். "வீரன் விரதம். காய்ஞ்ச புல்லைத் தண்ணியில ஊற வச்சுத்தான் கொடுக்கணுமாம். வேற எது கொடுத்தாலும் கொடுத்த குடும்பத்துக்கு ஆகாதாம்."

டாக்டர் சொல்லிக் கேட்காத ஊர் மஞ்சள் கிழங்கு சொல்லிக் கேட்டது. ஒரு கை வெல்லத்தோடு நீளவில்லை. சக்கையாக ஊறிய புல்லைக் குதிரை மென்று தின்பதைப் பார்த்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பவுனம்மாள் மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் 'விரதத் தட்டு' போட்டுவிட்டாள். மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், சூடம். எதுவும் தின்கிற பொருள் இல்லை.

பக்கிரிசாமி தன் மூளையை மெச்சிக்கொண்டு கள்ளுக்கடைக்குக் கிளம்பினார். வாசலில் கார்த்திகேசு நின்றார்.

"எங்க அண்ணே?"

"சும்மா, இப்படி..."

"விரதக் குதிரையைத் தொடுற கை லா அண்ணே. கள்ளு, கறி தொட்டுட்டு அதைத் தொடலாமா? கமிட்டியில பேசியாச்சு. உங்களுக்கும் காப்பு."

நல்லம்மாள் மஞ்சள் கயிற்றோடு தயாராக நின்றாள். பொங்கலுக்காகப் பட்ட திட்டு அவள் முகத்தில் இன்னும் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும். பக்கிரிசாமி கையை நீட்டினார்.

அந்த வருஷம் பக்கிரிசாமி பட்ட பாட்டைக் குதிரை பட்டிருக்காது. சாயங்காலமானால் கை நடுங்கும், நாக்கு வறளும். கோபம் வந்து கோயில் சுவரைத் திட்டுவார். இதில் கொடுமை, முனீஸ்வரருக்குப் படையலே சுருட்டும் ஸ்டவுட் பீரும்தான். அதைத் தட்டில் வைத்துச் சன்னிதிவரை தூக்கிக்கொண்டு போகிற வேலை அவருக்கு. "நீ குடி. நான் கழுதையோட புல் திங்கிறேன்" என்று சாமியிடம் நேராகவே சொன்னார். ஒருமுறை ஓடிப்போய்க் குடித்துவிடலாம் என்று பஸ் நிறுத்தம்வரை போனதும் உண்டு. அன்று குளம்பு சீவுகிற நாள் என்பது ஞாபகம் வந்து திரும்பி வந்தார்.

மயிர்க்கரையிலிருந்து புதுக்குளம்பு நேராக, வழவழப்பாக இறங்கி வந்தது. பழைய குளம்பின் கோணல் வளையங்கள் கீழே தள்ளப்பட்டு ஒவ்வொன்றாக அவர் அரத்துக்குப் போயின. குதிரை நிமிர்ந்து நிற்கத் தொடங்கியது. அதுவும் ஒரு புகாராயிற்று.

"முன்ன மாதிரி கும்பிட மாட்டேங்குதே அண்ணே. ரொம்ப சீவிட்டீங்களா?" என்று கவலையோடு கேட்டார் கார்த்திகேசு.

"விரதமே பெரிய கும்பிடு, தலைவரே," என்றார் பக்கிரிசாமி. பொய் சொல்ல இப்போது அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

விரதம் தொடங்கி ஒரு வருஷம் ஆனபோது கோயில் திருவிழா வந்தது. வாசு வந்து காலைத் தூக்கிப் பார்த்து, மணலில் நடக்கவிட்டுப் பார்த்து, பக்கிரிசாமியின் தோளில் தட்டினார். "நல்லா இருக்கு. ஆனா இந்த வியாதி ஒருமுறை வந்த கால் அண்ணே. ஆயுசுக்கும் வாய் பத்திரம். ஒரு தட்டுப் பொங்கல் போதும் இதைச் சாய்க்க."

அந்த ஒரு தட்டு இல்லை, ஊரே தட்டோடு நின்றது. விரதம் என்றால் முடிக்க வேண்டும் அல்லவா? காப்பை அவிழ்த்து, படையல் போட்டு, வயிறாரக் கொடுத்தால்தானே பலன்? ஒரு வருஷம் அடக்கி வைத்த பக்தியை மொத்தமாகச் சர்க்கரைப் பொங்கலாகக் கிண்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கிரிசாமியையும் மறக்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு பானைக் கள்ளு. பக்கத்தில் ஆட்டுத்தலைக் கறி கொதித்தது. வாசனை நேராக அவர் மூக்குக்கு வந்தது.

கார்த்திகேசு மைக்கில் பேசி முடித்து, குதிரையின் கழுத்துத் துணியை அவிழ்க்கக் கை வைத்தார். பக்கிரிசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவிழ்க்காதீங்க."

"ஏன் அண்ணே?"

"இது ஆயுசு விரதம். சாமி அப்படித்தான் சொல்லிச்சு. நான்தான் முழுசா சொல்லல."

கார்த்திகேசு மெல்ல அவர் மணிக்கட்டைப் பார்த்தார். ஒரு வருஷத்து அழுக்கேறிய மஞ்சள் கயிறு.

"அப்ப... உங்களுக்கும் லா?"

பக்கிரிசாமி பந்தலுக்குப் பின்னால் பார்த்தார். பானை வாயில் நுரை கட்டியிருந்தது. குதிரையைப் பார்த்தார். அது நாலு காலிலும் நேராக நின்று, பொங்கல் தட்டுகள் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நன்றி கெட்ட மிருகம்.

"எனக்கும்தான்," என்றார்.

யாரோ அழுதார்கள். பவுனம்மாள் முதல் ஆளாக வந்து அவர் காலில் விழுந்தாள். பிறகு வரிசையாக விழுந்தார்கள், கார்த்திகேசுவும் விழுந்தார். பக்கிரிசாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக வந்தது. மகான் உருகுகிறார் என்றது ஊர். பக்கத்தில் நின்ற நல்லம்மாளுக்குத்தான் சந்தேகம் வந்தது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தபடி காதோரம் கேட்டாள்.

"கள்ளை நினைச்சு அழுவுறீங்களா, கழுதையை நினைச்சா?"

"போடி அங்கிட்டு," என்றார். காலில் விழுந்தவர்களைத் தாண்டிப் போய், இடுப்பிலிருந்த அரத்தை எடுத்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் குனிந்தார். அன்று சீவுகிற நாள் இல்லை. இருந்தாலும் காலைத் தூக்கினார். குதிரை வலி எதுவும் இல்லாமலேயே தன் பாரம் முழுவதையும் அவர் முதுகில் சாய்த்தது.